கடலில் கடுகு விளையாது

பிப்ரவரி 4
கப்பல்

மூக்குக்கு,

கிளம்புகிற அன்று துறைமுகம் வரை வராமல், வீட்டில் உட்கார்ந்து அலமாரிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்த ஆளுக்கு நான்தான் முதலில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கப்பல் போனில் இரண்டு முறை பேசினோம், இரண்டு முறையும் சண்டை. என் குரல் உன்னிடம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிறது. நீ முடித்துவிட்டாய் என்று நான் ஆரம்பித்தால் நீ பாதியில் இருக்கிறாய். குறுக்கே பேசுகிறேன் என்று உனக்குக் கோபம் வருகிறது. பாதிச் சண்டை அந்தத் தாமதத்தால் வந்தது. மீதிப் பாதி நம்மால் வந்தது.

அதனால் இனி போன் வேண்டாம். காய்கறி கொண்டுவரும் சரக்குப் படகு திரும்பும்போது நான் கடல் காற்றைப் பிடித்து அடைக்கிற குடுவைகளை உன் ஆய்வகத்துக்கு எடுத்துப் போகும். அந்தப் பெட்டிக்குள்ளேயே கடிதத்தை வைக்கிறேன். நீயும் காலிக் குடுவைகளோடு பதிலை வைத்து அனுப்பு. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

இத்தனை வருடம் நீ ஒரு ஊரில், நான் ஒரு ஊரில் என்று காலம் தள்ளிவிட்டு, ஒரே ஆய்வகத்தில் வேலையும் ஒரு வீட்டுச் சாவியும் கைக்கு வந்த வாரத்தில் நான் கப்பல் ஏறினேன். தப்பா சரியா தெரியவில்லை. ஆனால் நான் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிச் சீசாவில் வளர்த்துப் பார்த்த பாசி, ஒரு கடல் அளவுக்குப் பெருகப் போகிறது, வந்து பார் என்று ஒரு கப்பல் கூப்பிடுகிறது. ஐந்து மாதம். நீயாக இருந்தால் போகாமல் இருந்திருப்பாயா? உன் வயிறு விட்டிருக்காது என்பது வேறு விஷயம். நம் முதல் கப்பல் பயணத்தில் நீ வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்ததும், நான் உன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் மறக்கவில்லை. நம் கல்யாணமே அந்த வாளியில்தான் நிச்சயமானது.

நேற்று காலையில் தண்ணீர் நிறம் மாறியது. பால் இரண்டு சொட்டு விட்ட நீலம். ஒரு வாளி மொண்டு முகர்ந்தேன். உன்னிடம் கொடுத்து, என்ன வாசனை, எவ்வளவு என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஃபிட்டர் அண்ணன்தான் நின்றார். அவரிடம் கேட்டேன். "உப்பு வாசனைதான்"னார்.

குடுவைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

பாசி


பிப்ரவரி 23
வீடு

பாசிக்கு,

பலகை அறுத்தது உண்மை. அலமாரி கோணலாக வந்ததும் உண்மை. நீ விட்டுப் போன புத்தகங்கள் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன.

துறைமுகத்துக்கு நான் வராததற்கு ஒரே காரணம்தான். வந்திருந்தால், அத்தனை பேர் முன்னாலும் போகாதே என்று சொல்லியிருப்பேன். நீயும் போகாமல் இருந்திருப்பாயோ என்று பயம். அப்புறம் ஆயுசு முழுக்க அந்தக் கப்பலை என் தலையில் கட்டியிருப்பாய்.

குடுவைகள் நல்லபடியாக வந்தன. எல்லாவற்றையும் இயந்திரத்தில் ஓட்டிவிட்டேன். நீ எதிர்பார்த்த அளவுதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவுத் தாளைத் தனியாக வைத்திருக்கிறேன்.

அத்தை வந்திருக்கிறார். மகள் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்க்க வந்தவர், பார்த்த அதிர்ச்சியில் தங்கிவிட்டார். நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று ஜன்னலோரம் போட்டோமே இரண்டு மேசை, அதில் உன் மேசை இப்போது துணி மடிக்கிற மேசை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அது காலியாகக் கிடப்பதைவிடத் துணி கிடப்பது பரவாயில்லை என்று தோன்றியது.

வந்த மறுநாளே கேட்டார். "அவ அங்க என்னதான் பண்றா மாப்பிள்ளை? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, பக்கத்து வீட்ல கேட்டா சொல்லணும்."

சொன்னேன். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி கோடி கோடியாக இருக்கிறது. அது சாகும்போதும், குட்டி உயிர்கள் அதை மேயும்போதும் ஒரு வாயு வருகிறது. கடல் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு அதுதான். அது மேலே போய் வெயிலில் மாறி, நுண்ணிய தூசியாகிறது. அந்தத் தூசியைப் பிடித்துக்கொண்டுதான் நீராவி துளியாகி மேகமாகிறது. மேகம் கூடினால் கடலுக்கு நிழல், நிழல் கூடினால் சூடு குறையும். எவ்வளவு வாயு எப்போது வருகிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் உலகம் எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட முடியும். அதைத்தான் உங்கள் பெண் அளந்துகொண்டிருக்கிறாள் என்றேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மேகமெல்லாம் அவ வேலைதானா?" என்றார். ஒருவிதத்தில் என்று சொல்லிவைத்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. நேற்று மாடியில் காயப்போட்ட போர்வையெல்லாம் மழையில் நனைந்துவிட்டது. அள்ளிக்கொண்டு இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து, "உங்க பொண்டாட்டிக்கு ஒரு கடுதாசி போடுங்க, செவ்வாக்கிழமை நான் துணி துவைக்கிற நாள்னு" என்றார். போட்டுவிட்டேன்.

வீடு நன்றாக இருக்கிறது. பெரிதாக இருக்கிறது.

மூக்கு


மார்ச் 15
கப்பல்

என் மூக்கே,

சண்டையெல்லாம் தள்ளி வை. முதலில் இதைக் கேள்.

போன படகு போனதும் ஒரு புயல். அம்மாவிடம் சொல்லாதே. முன் கம்பத்திலிருந்து என் இயந்திரத்துக்குக் காற்றை இழுக்கிற குழாய் முறிந்து கடலுக்குள் போய்விட்டது. ஃபிட்டர் அண்ணன் புதுக் குழாய் ஒன்றைப் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் கட்டிக்கொடுத்தார். குளிர் அறையும் பழுதாகி, இருந்த காயெல்லாம் அழுகிவிட்டது. இனி கெடாமல் இருப்பது எதுவோ அதுதான் சாப்பாடு என்று கேப்டன் சொல்லிவிட்டார். படகில் வந்தது முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும். தினமும் முட்டைக்கோஸ் சாப்பிட்டுச் சாப்பிட்டு எங்கள் முகமே உருண்டையாகிவிட்டது. சமையல்கார அண்ணனுக்கு வேறு கற்பனையே இல்லை, பெரிய பாத்திரத்தில் போட்டு வேகவைத்துவிடுகிறார்.

அதை விடு. விஷயத்துக்கு வருகிறேன். புயல் அடங்கி, காற்று நின்று, கப்பல் பாசிப் பெருக்கத்தின் நடுவிலேயே நிற்கிறது. சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறைய என் திரையில் வாயுவின் கோடு ஏறுகிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, பகலில் இருப்பதைப்போல நாலு மடங்கு. இருட்டி ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. முதல் நாள் இயந்திரக் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும்.

உனக்கே புரிந்திருக்கும். பகலெல்லாம் ஆழத்தில் பதுங்கியிருக்கும் குட்டி உயிர்கள் இருட்டுகிற நேரத்தில்தான் பாசியை மேய மேலே வரும். கூட்டமாக வந்து ஒரே நேரத்தில் மேய்ந்தால் வாயு ஒரே நேரத்தில் வெளியே வரத்தானே செய்யும்? நாமெல்லாம் பகலில் அளந்து அளந்து, கடல் விடும் மூச்சில் பாதியைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டோம். தண்ணீர் மாதிரியில் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை, அது கொஞ்சம் உறுத்துகிறது. மேல்படலத்திலிருந்தே காற்றுக்குப் போய்விடுகிறது என்று நினைக்கிறேன்.

குழுத்தலைவி நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்த ஏற்றம் நிலையாக இருந்தால் கப்பல் ஜூனில் திரும்பாது, அடுத்த பெருக்கம் முடியும்வரை இன்னொரு வருடம் இங்கேயே இருக்கும். அந்த வேலை முழுக்க என் பொறுப்பு. சரி என்று சொல்ல வாய் வந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன். என்ன சொல்கிறாய்?

இந்தப் பெட்டியில் சாயங்காலக் குடுவைகள் தனியாக இருக்கின்றன. உன் இயந்திரம் என் இயந்திரத்தைவிடக் கூர்மையானது. ஓட்டிப் பார். பார்த்துவிட்டு முதலில் ஒரு ஆட்டம் போடு, அப்புறம் எழுது. அம்மாவிடம், செவ்வாய்க்கிழமை மழை என் கையில் இல்லை என்று சொல். மற்ற நாள் பார்க்கலாம்.

நீ இங்கே இருந்திருந்தால் முதல் நாள் சாயங்காலமே மேல்தளத்தில் நின்று ஓர் இழுப்பு இழுத்துச் சொல்லியிருப்பாய். எனக்கு இப்போதெல்லாம் ஒரு வாசனையும் தெரிவதில்லை. பழகிவிட்டது.

பாசி


ஏப்ரல் 2
வீடு

பாசிக்கு,

சாயங்காலக் குடுவைகளை ஓட்டினேன். ஏற்றம் இருக்கிறது. நீ சொன்னதைவிட அதிகமாகவே இருக்கிறது.

ஆட்டம் போடவில்லை. ஏன் என்று எழுதி, கிழித்து, மறுபடி எழுதிக் கிழித்து, இது எத்தனையாவது தாள் என்று தெரியாது. அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன கப்பல் கவுந்த மாதிரி..." என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவரைப் பயமுறுத்தியதற்காகவாவது எழுதி முடிக்கிறேன்.

உன் கப்பல் இயந்திரம் ஒரு வாயுவைத்தான் பார்க்கும். என்னுடையது கூட வருகிற எல்லாவற்றையும் பார்க்கும். சாயங்காலக் குடுவைகளில் உன் வாயுவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று சின்னதாக நிற்கிறது. காலைக் குடுவைகளில் அது இல்லை. பிப்ரவரிக் குடுவைகளில் காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. என்னவென்று தேடிப் பார்த்தேன். கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே ஒரு காரம், அது. கடலில் கடுகு விளையாது, பாசி. அந்தக் காரம் கடுகில் இருக்கிறது, கடுகின் பங்காளிகளில் இருக்கிறது. பங்காளிகளில் ஒன்று முட்டைக்கோஸ்.

முட்டைக்கோஸ் வேகும்போது வருகிற வாசனை எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் பாசி விடுகிற அதே வாயுதான். குழாயைப் பின்பக்கம் கட்டினீர்கள். அந்தக் கப்பலின் படத்தை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கக் கைப்பிடிக்கு நேர் கீழே இருப்பது சமையலறை ஜன்னல். ஒரே புயல் குழாயையும் இடம் மாற்றியது, காயையும் மாற்றியது. சாயங்காலம் உயிர்கள் மேய வருகிற நேரமும், உங்கள் சமையல்காரர் அடுப்பு மூட்டுகிற நேரமும் ஒன்று.

தண்ணீரில் ஏறவில்லை, உறுத்துகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். இதைச் சொன்னால் நீ வந்துவிடுவாய் என்ற ஆசையில் சொல்கிறேனா, சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கடுகைத் தாளில் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதற்குப் பிறகுதான் உன் முகம் வந்தது.

மூக்கு


ஏப்ரல் 20
கப்பல்

உன் மூக்கை உன் இயந்திரத்தோடு வைத்துக்கொள். என் அளவீட்டில் நுழைக்காதே.

குழுத்தலைவி முன்னால் போய் நின்று, நான் கண்டுபிடித்தது கடலின் மூச்சு இல்லை, நாம் சாப்பிட்ட முட்டைக்கோஸ் என்று சொல்ல வேண்டுமா? புயலில் கைகாலெல்லாம் சிராய்த்துக்கொண்டு அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். உனக்கு அங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டது.

என்னை வரவழைக்க ஆயிரம் வழி இருக்கிறது. 'வா' என்று ஒரு சொல் போதும். நான் கிளம்பும்போது சொல்லவில்லை. போனில் சொல்லவில்லை. இரண்டு கடிதத்தில் சொல்லவில்லை. இன்னொரு வருடம் இருக்கட்டுமா என்று நேரடியாகவே கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு வாய் வராதவனுக்கு முட்டைக்கோஸ் கிடைத்ததா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல். குடுவை இந்த முறை இல்லை.


மே 6
வீடு

பாசிக்கு,

வா.

நீ கேட்ட சொல். உன் வேலைக்குக் குறுக்கே விழுகிற சொல் என்று அதை விழுங்கியே பழகிவிட்டேன். அதை நீ பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். உனக்கு அது, நீ எனக்கு வேண்டாத மாதிரி தெரிந்திருக்கிறது.

வேண்டும். சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உன் செருப்பு இருக்கிற இடத்தைப் பார்க்காமல் கழற்றப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. நம் வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லை, அத்தையோடு சண்டை போட முடியாது, அவர் உடனே சாப்பாடு போட்டுவிடுகிறார்.

ஆகவே வா. சொல்லிவிட்டேன்.

சொன்னதால் முட்டைக்கோஸ் மாறிவிடாது. அதைச் சோதித்துவிட்டு வா.

மூக்கு


மே 27
கப்பல்

என் மூக்குக்கு,

உன் கடிதத்தில் முதல் வரியைப் படித்ததும் மேல்தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஃபிட்டர் அண்ணன் ஓடி வந்து "என்னம்மா, கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "இல்லண்ணே, வரச் சொல்லிருக்காரு" என்றேன். இதற்கா இப்படி என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே சோதித்துவிட்டேன். கோபம் ஒரு வாரம் இருந்தது. அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் உள்ளுக்குள் எனக்குத் தெரியும். சமையல்கார அண்ணனிடம் போய், நாளைக்கு முட்டைக்கோஸைச் சாயங்காலம் வேண்டாம், உச்சி வெயிலில் வேகவையுங்கள் என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். அவருக்கு அவ்வளவு பெருமை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேகவைத்தார். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நடுப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கோடு அழகாக நாலு மடங்கு ஏறியது. அந்த நேரத்தில் மேய வருகிற உயிர் எந்தக் கடலிலும் கிடையாது. அன்று சாயங்காலம் கோடு படுத்துக் கிடந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கூடாது என்பார்கள். நான் முழு முட்டைக்கோஸைக் கடலில் மறைத்துவைத்திருந்தேன், எனக்கே தெரியாமல்.

குழுத்தலைவியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என் பழைய அளவுகளையெல்லாம் வாங்கிப் புரட்டினார். பிறகு, "யார் கண்டுபிடிச்சது?" என்றார். வீட்டுக்காரர் என்றேன். "அவரை ஏன் கூட்டிட்டு வரல?" என்றார். வாளிக் கதையைச் சொன்னேன். கப்பல் முழுக்கச் சிரித்தார்கள். கேப்டன் எனக்குப் புதுப் பேர் வைத்திருக்கிறார், அது என்னவென்று நீயே ஊகித்துக்கொள். சமையல்கார அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தன் சமையலைக் குற்றம் சொல்லிவிட்டோம் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு மட்டும் அழுகை வந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், உனக்குத்தான் கோபக் கடிதம் வேறு அனுப்பியிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் மூட்டை கட்டியிருப்பேன். முடியவில்லை.

குழாயை முன் கம்பத்துக்கே மாற்றினோம். சாயங்காலம் அடுப்பே மூட்டக் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டார். நாங்கள் குளிர்ந்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு திரையைப் பார்த்தோம். நன்றாக இருட்டியபிறகு, பழைய ஏற்றம் வந்த நேரம் தாண்டி, கோடு கொஞ்சம் எழுந்தது. கூடியது பகல் அளவில் பாதிகூட இல்லை. சின்ன ஏற்றம். மறுநாளும் வந்தது. அந்தப் பெரிய ஏற்றத்துக்குப் பின்னால் இது இத்தனை நாளும் ஒளிந்திருந்திருக்கிறது. இந்த முறை தண்ணீரிலும் ஏறுகிறது.

ஒரு தடவை ஏமாந்தவளுக்குத் தன் கண்மேல் நம்பிக்கை போய்விட்டது. அதனால் சின்னப் படகை இறக்கி, கப்பலுக்குக் காற்று வரும் பக்கமாக வெகுதூரம் துடுப்புப் போட்டுப் போய், அங்கே குடுவைகளை நிரப்பினேன். எஞ்சின் இல்லை, அடுப்பு இல்லை, நானும் ஃபிட்டர் அண்ணனும்தான். அவற்றைத்தான் அனுப்புகிறேன். உன் இயந்திரத்தில் ஓட்டு. கடுகு இருக்கிறதா பார்.

ஏற்றம் இல்லை என்று நீ சொன்னால், ஜூன் கடைசியில் கப்பல் திரும்புகிறது, நானும் வருகிறேன். இருக்கிறது என்று சொன்னால், கப்பல் இன்னொரு வருடம் இங்கே இருக்கும், குழுத்தலைவி என்னையும் இருக்கச் சொல்கிறார். உன் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வேறு யார் இயந்திரத்துக்கும் அனுப்ப மாட்டேன்.

நான் வர வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. இது ஆராய்ச்சியில் சேராது, ஆனாலும் எழுதிவைக்கிறேன். உன் கோணல் அலமாரியைப் பார்க்க வேண்டும். எதிர் மேசையில் உட்கார்ந்து, நீ பேனா மூடியைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டு வேண்டாம் வேண்டாம் என்று கத்த வேண்டும்.

என் சால்வையில் சுற்றி ஒரு குடுவை தனியாக இருக்கும். அதில் எண் ஒட்டவில்லை. அது இயந்திரத்துக்கு இல்லை. அந்தச் சின்னப் படகில், இருட்டில், என் முகத்துக்கு முன்னால் பிடித்து நிரப்பியது. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத் திற.

பாசி


ஜூன் 14
வீடு

என் பாசிக்கு,

இருக்கிறது.

முதல் தடவை ஓட்டியபோதே தெரிந்துவிட்டது. நம்ப மனமில்லாமல் இயந்திரத்தைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அதற்கப்புறம், இல்லை என்று சொல்லிவிடாதா என்ற நப்பாசையில் மீண்டும் ஒருமுறை. ஏற்றம் சின்னது, ஆனால் நேராக நிற்கிறது. பக்கத்தில் கடுகு இல்லை. வேறு எதுவும் இல்லை. சுத்தமான கடல்.

தாளை வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். 'ஏற்றம் இல்லை' என்று ஒரே வரி எழுதினால் போதும். நீ நம்பியிருப்பாய். இம்மாதக் கடைசியில் வந்து இறங்கியிருப்பாய். இந்த முறை துறைமுகத்துக்கு வந்திருப்பேன். ஆனால் நீ உட்காரப் போவது எனக்கு எதிர் மேசையில். தினமும் நிமிர்ந்தால் உன் முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பொய்யோடு பேனா மூடியைக் கடிக்க என்னால் முடியாது.

ஆகவே இரு. அடுத்த பெருக்கத்தையும் பார்த்து, முழுசாக அளந்து முடி. 'வா' என்று எழுதியதை நான் திரும்ப வாங்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும், தேதியை மட்டும் மாற்றிக்கொள். எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதே, நிறைய இருக்கிறது.

அத்தையிடம் சொன்னேன். "நீங்க சொன்னாத்தான் வருவேன்னு எழுதியிருந்தாளா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பறமும் இருன்னு சொல்லிட்டீங்களா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் எழுந்துபோய் உன் மேசையில் இருந்த துணியையெல்லாம் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவைத்தார். நீ வரப்போவதில்லை என்று தெரிந்த அன்றைக்கு ஏன் துடைத்தார் என்று நான் கேட்கவில்லை.

உன் எண் இல்லாத குடுவையைச் சமையலறையில் வைத்து, ஜன்னல்களைச் சாத்தித் திறந்தேன். அத்தையும் வந்து பக்கத்தில் நின்றார். உஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குடுவையின் வாயில் மூக்கை வைத்து இழுத்தேன். அதன் எஃகு வாசனைதான் அடித்தது. மறுபடி இழுத்தேன். "ஒண்ணுமே இல்லியே மாப்பிள்ளை" என்றார் அத்தை. கடல் வந்தது, உன் மூச்சு வந்தது என்று உனக்கு எழுதத்தான் ஆசை. வரவில்லை. அத்தனை பெரிய கடலின் வாசனைக்கு ஒரு குடுவைக் காற்று போதாது. சால்வையில் மட்டும் உன் தலை எண்ணெய் கொஞ்சம் இருந்தது. அதை மடித்து என் பக்கம் வைத்திருக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போனபோது ஒரு முட்டைக்கோஸ் வாங்கிவந்தேன். எனக்கு அது பிடிக்காது என்று உனக்குத் தெரியும், கல்யாணமானதிலிருந்து வீட்டுக்குள் விட்டதில்லை. சாயங்காலம் வெளிச்சம் குறைகிற நேரத்தில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நறுக்கிப் போட்டு மூடினேன். வெந்ததும் மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அந்த ஆவியில் அந்த முதல் கப்பலின் மேல்தளம் இருந்தது, வாளி இருந்தது, என் நெற்றியில் உன் கை இருந்தது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது, ஆனால் நான் நகரவில்லை.

அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். "இந்த வாசனைக்கா அவ அவ்வளவு தூரம் போயிருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை எடுத்துவிட்டு, அவரும் உள்ளே வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றார்.

இப்போது வாரத்தில் ஒரு நாள், நீ அங்கே படகை இறக்குகிற நேரத்துக்கு இங்கே அடுப்பை மூட்டுகிறேன். பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். நடக்கட்டும். நீ திரும்பி வருகிற அன்றைக்கு மட்டும் வேறு காய் வாங்குகிறேன்.

மூக்கு